கை அறிந்ததை வாய் சொல்ல வைப்பது எப்படி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அனுபவசாலிகள் ஓய்வு பெறும்போது தொழில் நுணுக்கமும் அவர்களோடு போய்விடுகிறது என்று வாசகர்கள் பலர் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் கூடவே, ‘தெரிந்தவர்கள் வேண்டுமென்றே மறைக்கிறார்கள்’ என்ற பேச்சும் வருகிறது. பயிற்சிக் கையேடுகள் எழுதுவதே எங்கள் வேலை என்பதால், இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. மற்றவர்களுக்கோ, தமக்கு என்ன தெரியும் என்பதே தெரியாது.

நாள்தோறும் சைக்கிள் ஓட்டும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரை முதலில் எந்தப் பக்கம் அசைப்பீர்கள்? ‘இடப்பக்கம்தான், இதென்ன கேள்வி’ என்பார். உண்மையில் அவர் கை ஒரு கணம் வலப்பக்கம் திருப்புகிறது. சக்கரம் வலப்பக்கம் நகர்வதால் சைக்கிள் இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகே ஹேண்டில் இடப்பக்கம் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. கை செய்வது மனத்துக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி, சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று 1960களில் வாதிட்டது இத்தகைய அறிவைப் பற்றித்தான்.

அதனால்தான், விடைபெறும் வாரத்தில் ஒருவர் கையில் வெள்ளைத்தாளைக் கொடுத்து ‘தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்’ என்பது வீண். நிறுத்து, திற, துடை, மாட்டு என்று கையேட்டில் ஏற்கெனவே இருப்பதையே அவர் எழுதித் தருவார். ‘பொதுவாக எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டாலும் இதே பதில்தான். கேட்க வேண்டியது நடந்த ஒரு சம்பவத்தை: ‘எல்லாரும் சரியாக ஓடுகிறது என்றபோது நீங்கள் மட்டும் நிறுத்தச் சொன்னது கடைசியாக எப்போது?’

ஒரு சம்பவத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கேட்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். ஒருவரே இரண்டையும் செய்தால் நல்ல இடத்தில் கேள்வி விட்டுப்போகும். கேட்பவருக்கு அந்தத் தொழிலின் அரிச்சுவடி தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவரும் நிபுணராக இருக்கக் கூடாது. இரண்டு நிபுணர்கள் பேசிக்கொண்டால் பாதி விஷயம் தலையாட்டலிலேயே முடிந்துவிடும். முதல் சுற்றில் அவர் போக்கில் சொல்லவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டாம் சுற்றில் நேர வரிசைப்படி அடுக்குங்கள். மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, அப்போது எதைப் பார்த்தீர்கள், எது கேட்டது, எது இருந்திருக்க வேண்டியது இல்லாமல் இருந்தது என்று துருவுங்கள். புதியவர் அங்கே என்ன தவறு செய்திருப்பார் என்ற கேள்விதான் எங்கள் அனுபவத்தில் அதிகம் கறக்கிறது. தீயணைப்பு அதிகாரிகளிடம் உளவியலாளர் கேரி கிளைன் 1980களில் நடத்திய ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. பின்னர் குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியர்களிடம் இதே முறையில் கேட்டார்கள். ‘பார்த்ததும் தெரிந்துவிடும், அனுபவம்தான்’ என்று தொடங்கியவர்கள், கேட்கக் கேட்கத் தொற்றின் நுண்ணிய அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவற்றில் சில அன்றைய மருத்துவ நூல்களில் இல்லாதவை.

ஓர் எடுத்துக்காட்டு. நீரேற்றும் சென்ட்ரிஃபியூகல் பம்பின் மூத்த மெக்கானிக் ‘சத்தம் சரியில்லை’ என்கிறார். அந்த இரண்டு சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. சரளைக்கல் உருளுவதுபோல் ஒன்று: உறிஞ்சு பக்கத்தில் அழுத்தம் குறைந்து, நீருக்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகி வெடிக்கின்றன. இன்னொன்று பேரிங்கின் கரகரப்பு. புதியவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பேரிங்கைக் கழற்றி மாற்றுவார், மறுநாளும் சத்தம் வரும். மூத்தவரோ யோசிக்காமலே வெளியேற்றுக் குழாயின் வால்வைச் சிறிது மூடிப் பார்க்கிறார். ஓட்டம் குறைந்ததும் சத்தம் தணிந்தால் அடைபட்ட வடிகட்டி, பாதி திறந்த உறிஞ்சு வால்வு என்று அந்தப் பக்கம் தேடுவார். சத்தம் அப்படியே இருந்தால், நீண்ட ஸ்குருடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைப்பார். கிரீஸ் வைத்ததும் அடங்கி, சற்று நேரத்தில் திரும்பினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். மேலும் மேலும் கிரீஸ் திணித்தால் சூடுதான் ஏறும். ‘சத்தம் சரியில்லை’ என்பதை இந்த அளவுக்குப் பிரித்த பிறகே அது இன்னொருவருக்குப் பயன்படுகிறது.

எழுதும் வடிவம் எளிது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புதிய தொழிலாளர்களை அவசரமாகத் தயார்செய்ய அமெரிக்காவில் நடந்த பயிற்சித் திட்டத்தில், வேலையின் படிகளையும் ஒவ்வொரு படியிலும் தவறவிடக் கூடாத நுணுக்கத்தையும் அட்டவணையின் தனித்தனிப் பத்தியில் எழுதினார்கள். அந்த நுணுக்கம் ஏன் என்ற காரணத்துக்கும் ஒரு பத்தி சேர்த்து மூன்றாக்கிக்கொள்வது நல்லது. ஒரு வேலைக்கு ஒரு பக்கம் போதும். பலர் மூன்றாம் பத்தியைக் காலியாக விடுகிறார்கள். அதைவிடப் பெரிய தவறு இல்லை. காரணம் தெரியாதவர் அவசரத்தில் முதலில் தாண்டிவிடுவது அந்த நுணுக்கத்தைத்தான். நிலைமை மாறும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்றும் அவருக்குத் தெரியாது.

முதல் வரைவு முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து ‘போதுமான அளவு’, ‘லேசாக’, ‘சரியாக’, ‘கவனமாக’, ‘தேவைக்கேற்ப’ ஆகிய சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். வட்டம் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவோ, ஓர் ஒப்பீடோ, ‘இதற்கு மேல் போனால் இது நடக்கும்’ என்ற எல்லையோ வர வேண்டும். ‘லேசாக இறுக்கு’ என்றிருந்தால், ‘விரலால் இனிச் சுழலாது என்ற நிலை வரும் வரை கையால் இறுக்கு, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று’ என்பதுபோல். அந்தக் கால் சுற்றை மூத்தவரின் கையிலிருந்தே அளந்து எடுக்க வேண்டும். எழுதுபவர் ஊகித்து நிரப்பக் கூடாது. நிறம், வழவழப்பு, பதம் போன்றவற்றுக்குச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம். ஏற்கத்தக்கது, மட்டமாகத் தேறுவது, தள்ள வேண்டியது என்று உண்மையான மாதிரித் துண்டுகளையே பலகையில் கட்டி மாட்டுங்கள். அதிலும் அப்பழுக்கற்றது ஒன்று போதும். எல்லைக்கோட்டில் நிற்பவை நாலைந்து வேண்டும். சண்டை வருவது அங்கேதான்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. வீடியோவில் கை தெரியும். கண் எங்கே இருந்தது என்பது தெரியாது. வேலை செய்துகொண்டே பேசச் சொன்னாலோ கை தடுமாறும். பேசாமல் செய்யவிட்டுப் பதிவுசெய்து, அன்றே அவருக்குப் போட்டுக் காட்டி, தயங்கிய இடத்திலும் வேகம் மாறிய இடத்திலும் நிறுத்திக் கேட்டால் வீடியோ பயன்படும்.

அடுத்தது சோதனை. வேலை தெரியாத ஒருவர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய, மூத்தவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆபத்து வந்தால் மட்டும் நிறுத்தலாம். புதியவர் நின்ற இடம், திரும்பப் படித்த இடம், கேள்வி கேட்ட இடம் ஒவ்வொன்றும் தாளின் ஓட்டை. ஆள் மேல் குறையில்லை. மூத்தவருக்குத்தான் இது கஷ்டமான அரை மணி. ‘அதுகூடவா தெரியாது!’ என்று அவர் வாய்க்கு வரும் அந்தக் ‘கூட’தான் நமக்கு வேண்டியது; உடனே எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தனை செய்தும் சில விஷயம் பிடிபடாது. அமெரிக்க அணு ஆயுதங்களில் பயன்பட்ட, ‘ஃபாக்பேங்க்’ என்று மறைபெயரிட்ட பொருளின் தயாரிப்பு 1989-இல் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியபோது அனுபவசாலிகள் அநேகமாக யாரும் இல்லை, பதிவேடுகளும் குறைவு. பழைய முறையையே பின்பற்றியும் பொருள் சரியாக வரவில்லை. மூலப்பொருளைப் புதிய முறையில் அதிகமாகச் சுத்தம் செய்ததில், முன்பு தானாகவே கலந்திருந்த ஓர் அசுத்தம் போய்விட்டிருந்தது. அந்த அசுத்தம் தேவையான ஒன்று. பழைய ஆட்களுக்கே அது தெரியாது என்பதால் அவர்களைக் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. ஆகவே செய்முறையோடு, எந்த மூலப்பொருள், எந்தக் கருவி, எந்தச் சூழ்நிலை என்பதையும் முக்கியமில்லாததுபோல் தோன்றினாலும் குறித்து, நல்ல மாதிரி ஒன்றைப் பாதுகாத்து வைப்பதுதான் விவேகம்.

இனி நிர்வாகங்களுக்கு ஒரு சொல். அனுபவசாலியின் நெளிவு சுளிவுகளில் சில, எழுதப்பட்ட விதிக்கு மாறானவையாக இருக்கும். நம்பி அவர் சொன்னதை வைத்து ஒரே ஒருவருக்கு விளக்கக் கடிதம் கேட்டு அனுப்பினால் போதும், அதன்பின் அந்த இடத்தில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். பேட்டியில் வந்தது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படாது என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். விதி மீறல் ஆபத்தானதென்றால் அதைத் தாளில் ஏற்றாமல், ஏன் மீற வேண்டி வந்தது என்று பாருங்கள். பல நேரம் விதிதான் பழசாகியிருக்கும். இந்த வேலையைக் கடைசி வாரத்தில் அல்ல, ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். மூத்தவர் இருக்கும்போதே புதியவர் இரண்டு மூன்று முறை தவறு செய்து திருத்திக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். தாளின் அடியில் சொன்னவர் பெயரும், எந்த இயந்திரத்துக்கு என்பதும், கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயிற்சிக் கையேடு எழுதுவோர் சிலர்