காலி வகுப்பறை என்று கணக்குக் காட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரங்களில் பொதுப் பள்ளிகளை மூடும்போது சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிள்ளைகள் குறைவு, கட்டடம் காலி. அந்தக் 'காலி' எப்படி அளக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் 2013-இல் 49 தொடக்கப் பள்ளிகளை ஒரே மூச்சில் மூட முடிவெடுத்தது. வகுப்புக்கு 30 பேர் என்று போட்ட கணக்கு அதற்கு அடிப்படை. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் அறையில் பத்துப் பேர் இருந்தாலே நிறைவு. கணக்கிலோ அந்த அறையில் மூன்றில் இரண்டு பங்கு காலி! இடம் மாற நேர்ந்த ஏறத்தாழ 12,000 பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழைக் கருப்பினக் குடும்பத்தினர்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் புதிய பள்ளி பக்கத்தில்தான் இருக்கும். நடுவில் ரயில் பாதையோ ஆறு வழிச் சாலையோ குறுக்கிட்டால் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியுமா? காலை ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்பும் தாயால் கொண்டுபோய் விடவும் முடியாது. அந்தப் பொறுப்பு அக்காவின் தலையில் விழும். தம்பியை விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கு ஓடி வருவதற்குள் அவளுக்கு முதல் பீரியட் முடிந்திருக்கும். பதிவேட்டில் அது வெறும் 'தாமதம்'. சிகாகோவில் ரவுடிக் கும்பல்களின் எல்லைகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்ததால், வழிநெடுகக் காவலுக்குப் பெரியவர்களை நிறுத்தினார்கள்.

படிப்பு என்ன ஆனது? மூடப்போவதாக அறிவித்த அந்த ஆண்டிலேயே பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கிவிட்டது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் சொன்னது. கதவைப் பூட்டுவதற்கு முன்பே இழப்பு தொடங்கிவிடுகிறது.

மிச்சம் என்று சொல்லப்படும் பணமும் சந்தேகத்துக்குரியதே. பள்ளிச் செலவில் பெரும்பங்கு சம்பளம்; ஆசிரியர்களும் பிள்ளைகளோடு வேறு பள்ளிக்குப் போனால் அது எங்கே குறையும்? பூட்டிய கட்டடத்துக்கும் காவலாள் வேண்டும்.

எனவே மூடுவதற்கு முன் அதிகாரிகள், பள்ளி தொடங்கும் நேரத்தில், ஒரு சிறு பிள்ளையின் நடையில் அந்த வழியை நடந்து பார்க்கட்டும். சிறப்பு ஆசிரியரும் மதிய உணவும் பிள்ளைகளின் ஆவணங்களும் முதல் நாளே புதிய பள்ளியில் இருக்க வேண்டும். வகுப்பறைக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் அறைவாரியாக வாசித்துக் காட்ட வேண்டும். இவை முடியாதவரை எந்தப் பள்ளியையும் பூட்ட விடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்