சரசுவுக்கு, பூனை விஷயமாக

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. சுமதி முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விடச் சொல்வதையும், செல்போனில் வந்த வீடியோவைக் காட்டி “அந்தக் கிருமி மூளைக்குள் போய்ப் புத்தியையே மாற்றிவிடுமாம்” என்று வீட்டைக் கலங்கடிப்பதையும் எழுதியிருந்தாய். விலங்கியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவளிடம் இதைக் கேட்டால் நாலு வரியில் பதில் வராது, அது உனக்கே தெரியும்.

முதலில் சுமதி விஷயம். டாக்ஸோபிளாஸ்மா என்கிற அந்த ஒட்டுண்ணி உண்மைதான். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து என்பதும் உண்மைதான். ஆனால் பூனையிடமிருந்து அது மலம் வழியாகத்தான் வெளியே வரும். அதுவும் பூனைக்கு முதலில் தொற்றிய பிறகு 1 முதல் 3 வாரம் வரைதான். வெளியே வந்தாலும் தொற்றுகிற பக்குவத்துக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே பூனையின் மண்தட்டைத் தினமும் சுத்தம் செய்துவிட்டால் போதும், அந்த வேலையை மாப்பிள்ளை பார்க்கட்டும். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் இவற்றில்தான் சுமதி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்தத் தொற்று முன்பே வந்ததா என்று ரத்தத்தில் பார்க்கிற டார்ச் டெஸ்ட் எடுத்தார்களா என்று டாக்டரிடம் கேள். முன்பே எப்போதோ வந்து போயிருந்தால் கவலை இன்னும் குறைவு.

சரி, புத்தி மாறுகிற கதைக்கு வருவோம். இந்த ஒட்டுண்ணி பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் ஆண் பெண் என்று சேர்ந்து பெருகும். எலிக்குள் இருந்தால் எப்படியாவது பூனை வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். தொற்றிய எலிகளுக்குப் பூனை மூத்திர வாடையில் இருக்கும் இயல்பான பயம் போய்விடுகிறது, சில எலிகள் அந்த வாடை அடிக்கும் இடத்தையே தேடிப் போகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அந்த வருஷத்திலிருந்துதான் இந்தக் கதைக்கு இறக்கை முளைத்தது. ஆனால் 2020இல் ஜெனீவாவில் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. பூனை என்றில்லை, பொதுவாகவே அவற்றுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. மூளையில் அழற்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு துணிச்சல். அப்படியானால் இது குறி பார்த்துச் செய்த தந்திரமா, வீங்கிய மூளையின் தள்ளாட்டமா? என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. எப்படியானாலும் பூனைக்கு லாபம்.

மனிதருக்கு வரும்போது வீடியோக்காரர்கள் அளந்துவிடுகிறார்கள். பிராகாவில் யாரோஸ்லாவ் ஃப்ளெகர் என்ற விஞ்ஞானி, தொற்று உள்ளவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் என்று 2002இல் எழுதினார். எல்லோரும் பிடித்துக்கொண்டது அதைத்தான். நியூசிலாந்தின் டனீடன் ஊரில் 1972-73இல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 800 பேருக்கு மேல் ரத்தத்தைச் சோதித்து, குணம், மனநோய், ஞாபகசக்தி, குற்றப்பதிவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. இதை ஏன் யாரும் வீடியோ எடுப்பதில்லை?

ஒட்டுண்ணி மனிதனை ஆட்டி வைப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. வெறிநாய்க்கடி இருக்கிறதே. (வைரஸை ஒட்டுண்ணிக் கணக்கில் சேர்க்கலாமா என்று வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பையனாவது சண்டைக்கு வருவான். சேர்க்கலாம் என்பது என் கட்சி.) நரம்பு வழியாக ஏறி மூளைக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. நாயைக் கடிக்க வைக்கிறது. மனிதனுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்கிறது, கிருமி நிறைந்த எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலேயே தேங்குகிறது. வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்க 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள் என்றால் அந்தக் காலத்தில் எவ்வளவு பயந்திருப்பார்கள், பார்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம் நரம்புச்சிலந்தி என்கிற கினியா புழுதான். எங்கள் அப்பத்தாவின் கணுக்காலில் ஒரு நீளத் தழும்பு உண்டு. குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்த கதையைச் சொல்லுவாள், நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சைக்ளாப்ஸ் என்ற பூச்சி இருக்கும். நரம்புச்சிலந்தியின் குஞ்சுப்புழு அதற்குள் இருக்கும். வடிகட்டாமல் குடித்தால் பூச்சி வயிற்றில் செத்துப்போகும், புழு பிழைத்துக்கொள்ளும். ஒரு வருஷம் சத்தமே இல்லாமல் வளரும். பெண் புழு ஒரு மீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் கால் பக்கமாக இறங்கி, தோலுக்கு அடியில் கொப்புளம் கிளப்பும். நெருப்பை வைத்த மாதிரி எரிச்சல். அந்த மனுஷி என்ன செய்வாள்? காலைத் தண்ணீரில் வைப்பாள். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கொட்டும். சைக்ளாப்ஸ் அவற்றைத் தின்னும், அடுத்த ஆள் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்.

கவனித்தாயா, இதில் மூளைப்பக்கம் அது போகவே இல்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, முடிவெடுப்பது மனுஷிதான், ஆனாலும் புழு நினைத்ததே நடக்கிறது. வெட்டுக்கிளியின் உடம்புக்குள் வளரும் குதிரைமுடிப் புழு அதைத் தண்ணீருக்குள் குதிக்க வைக்கும் என்று படித்தபோது வாயைப் பிளந்தோம். ஜப்பானில் ஓர் ஓடையில் மீன்களுக்கு வருஷம் முழுவதும் கிடைக்கும் ஊட்டத்தில் 60 சதவீதம் இப்படிக் குதித்த பூச்சிகளிடமிருந்துதானாம். அப்பத்தா ஊருணிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்ததும் அதே சங்கதிதானே? அதை மட்டும் ‘பாவம், எரிச்சல் தாங்கவில்லை’ என்று சாதாரணமாக விட்டுவிட்டோம். எரிச்சலும் அரிப்பும்தான் மனிதனை இழுக்கச் சுலபமான கயிறு, மூளைக்குள் நுழைந்து குழப்ப வேண்டிய தேவையே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் புழுவை ஒழித்த விதமும் இதைத்தான் காட்டுகிறது. தடுப்பூசி கிடையாது, மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணறுகளை மேலே நின்று இறைக்கும் கிணறாக மாற்றினார்கள், அடிபம்பு போட்டார்கள். புழு வெளிவரும் காலோடு யாரும் நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். புழு இழுத்த வழியை மறித்தார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்துவிட்டது. 1986இல் உலகத்தில் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2024இல் 15 பேருக்குத்தான். இப்போது சாட் நாட்டில் நாய்களிடம் ஒளிந்துகொண்டு போக்குக் காட்டுகிறது.

வேறென்ன? என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். பெரியவன் சென்னைக்கே மாற்றல் வாங்கிவிட்டான், இனி மாதம் ஒருமுறையாவது வருவான். ஹாஸ்டலில் நம் பக்கத்து அறையில் இருந்த புஷ்பா தை மாதம் கனடாவிலிருந்து வருகிறாளாம். மதுரையில் தங்கப் போகிறாள். நீயும் ரெண்டு நாள் வந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். பொங்கல் கூட்டத்துக்கு முன்னாலேயே டிக்கெட் எடுக்க வேண்டும், எந்தத் தேதி தோது என்று உடனே எழுது.

அன்புடன்,
ராஜம்