குரி மணற்குன்று முகாமுக்குப் பணம் பெற்றுக்கொண்டு சாம் என்ற ஊரின் சாலையோரக் கூடாரத்தில் தங்கவைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
முன்பதிவில் கண்டுள்ள பெயர், முகவரி,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சுற்றுலா நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஜனவரி மாதம் மேற்கொண்ட நான்கு இரவுத் தார்ப் பாலைவனப் பயணம் – ஒப்புக்கொண்ட முகாமை மாற்றியது – செலுத்திய தொகையைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மின்னஞ்சல்கள் அனைத்தும், அவற்றுக்குத் தாங்கள் அனுப்பிய ஒரே மாதிரியான பதில்களும்.

ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நான் எழுதியவற்றுக்கெல்லாம் 'தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்ற ஒரே வாசகமும், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புகார் எண்ணும்தான் பதிலாகக் கிடைத்தன. பழைய எண்ணைச் சொன்னால் புதிய எண்ணைக் கேட்கிறார்கள். புதிய எண்ணைச் சொன்னால் அது இன்னும் கணினியில் ஏறவில்லை என்கிறார்கள். ஆகவே இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். திறந்து படிப்பவர் எவராயினும் கடைசி வரி வரை படிக்க வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நான்கு இரவுத் திட்டத்தைத் தங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மாலை என்ன நடக்கும் என்பதைப் பச்சை அட்டைக் கையேட்டில் தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்: ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரி கிராமம், அங்கிருந்து ஒட்டகத்தில் மணற்குன்றுக்கு, மாங்கணியார் எனப்படும் நாட்டுப்புறக் கலைஞர்களின் பாட்டு, பிறகு குன்றின் மேலேயே இரவு. கோட்டையையும் ஹவேலி என்னும் பழைய மாளிகைகளையும் கடிசர் ஏரியையும் காட்ட எத்தனையோ நிறுவனங்கள் உள்ளன, கட்டணமும் குறைவு. நான் தங்களிடம் வந்ததே அந்த ஓர் இரவுக்காகத்தான். முகாம் குரியில்தானா, சாலையோர முகாம்கள் நிறைந்த சாமில் இல்லையே என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டேன். எழுபத்தைந்து வயதான என் தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால் ஒட்டகத்துக்குப் பதிலாக ஒட்டக வண்டி வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் 'கண்டிப்பாக மேடம்' என்று பதில் வந்தது. வவுச்சரிலும் குரி என்றே உள்ளது.

நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நிலவில்லாத இரவாகத் தேர்ந்தெடுத்தோம். அதற்காக என் கணவர், தம் தந்தைக்கு ஆண்டுதோறும் அம்மா மண்டபப் படித்துறையில் கொடுக்கும் தை அமாவாசைத் தர்ப்பணத்தை முதன்முறையாக விட்டுவிட்டு வந்தார். இந்த இழப்பை உங்கள் நிறுவனம் எந்தக் கணக்கில் ஈடுகட்டப் போகிறது என்று அறிய விரும்புகிறேன்.

முதல் இரண்டு நாட்களில் பெரிய குறையில்லை. 1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிப்பதையும், வீட்டுத் திண்ணையும் கடையும் கோயிலுமாக அது இயங்குவதையும் வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. வழிகாட்டியுடன் கூடிய பயணம் என்று பணம் வாங்கியிருக்கிறீர்கள். அந்த வழிகாட்டி மூன்றாம் நாள் காலையில் வேறொரு குழுவுடன் போய்விட்டார் என்பதை எங்களிடம் சொன்னவர் விடுதியில் தேநீர் கொண்டுவந்த பையன்.

அன்று மாலை வண்டி மேற்கு நோக்கிப் போயிற்று. பாலிவால் மக்கள் கைவிட்டுப் போன குல்தாரா கிராமத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே இது சாமுக்குப் போகும் சாலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள்; வரைபடம் பார்க்காமல் எந்த ஊருக்கும் போனதில்லை. ஓட்டுநரைக் கேட்டேன். ஆபீசிலிருந்து மெசேஜ் வந்தது என்றார். எங்களுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, அவரைக் குற்றம் சொல்லவும் மாட்டேன்.

சாமில் நீங்கள் எங்களை இறக்கிவிட்ட இடத்தைப் பற்றி எழுதுகிறேன். சாலையின் இரு பக்கமும் வரிசையாக முகாம்கள். எங்களுடையது சாலையை ஒட்டியே இருந்தது. சிமெண்டுத் தளத்தின் மேல் கம்பளம் விரித்து அதன் மேல் கூடாரம். பின்புறம் டீசல் ஜெனரேட்டர். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் வெள்ளொளி விளக்குகள். அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் எங்கே தெரியும்? கூடாரத்தின் ஜிப் பாதியோடு நின்றுவிட்டது. ஜனவரியில் ஜெய்சல்மேர் பக்கம் இரவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நானும் என் கணவரும் புடவையில் குத்தும் ஊக்குகளைக் கொண்டு அந்தத் திறப்பைக் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டு போனோம். மேல் பாதிக்கு வருவதற்குள் ஊக்கு தீர்ந்துவிட்டது. மீதியில் என் தாயாரின் சால்வையைத் தொங்கவிட்டோம். கூடுதல் கம்பளி கேட்டதற்கு ஒன்றுக்கு 200 ரூபாய் என்றார்கள்.

ஒட்டக வண்டி வரவில்லை. வந்தது ஓர் ஒட்டகம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். மேலே அமர்ந்திருப்பவர் முன்னால் சரிவார். முழங்காலை மடக்கவே முடியாதவரை அதில் ஏறச் சொன்னார்கள். அவர் ஏறவில்லை. நாங்கள் இருவரும் ஏறியதற்கும் பலன் ஒன்றுமில்லை. ஜீப்புகள் மணலில் சீறிக்கொண்டு ஏறி இறங்கும் மேட்டின் ஓரமாகச் சிறிது தூரம் கொண்டுபோய், சூரியன் மறைவதற்கு முன்பே திருப்பிவிட்டார்கள். உங்கள் கையேட்டின் அட்டையில் கமைச்சா என்ற நரம்பிசைக் கருவியை மடியில் சாய்த்து வாசிக்கும் ஒரு பெரியவரின் படம் இருக்கிறது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கால்பேலியா நடனம் என்று கீழே பெருமையாகவும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் கண்டது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டும், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடிய கல்லூரி மாணவர்களும்தான். பிள்ளைகள் ஆடட்டும், அவர்கள் அதற்காக வந்தவர்கள். நாங்கள் அதற்காக வரவில்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. அங்கே நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தங்கள் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்தேன். நீண்ட நேரம் இசையைக் கேட்கவைத்த பிறகு பேசிய இளைஞர், நான் குரி, சாம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "மேடம், மணல் எல்லாம் மணல்தான். இந்த ஊர் மணல், அந்த ஊர் மணல்னு அதுல பேரா எழுதியிருக்கு?" என்றார். அருகில் இன்னொருவர் சிரித்தது எனக்குக் கேட்டது. ஐயா, ஓர் ஊரின் பெயருக்கும் எல்லைக்கும் மதிப்புக் கொடுத்தே என் பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஒரு சர்வே எண் மாறினால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறிவிடும். பணம் வாங்கும்போது பெயர் எழுதத் தெரிந்த நிறுவனத்துக்கு, கொடுக்கும்போது மட்டும் பெயர் எதற்கு என்று தோன்றுகிறதா? அந்த அழைப்பைப் பதிவு செய்வதாகத் தங்கள் இயந்திரக் குரல் முன்கூட்டியே அறிவித்தது. தயவுசெய்து அந்தப் பதிவைத் தாங்களே கேட்டுப் பாருங்கள். அழிந்துவிட்டது என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய பின்னும் அலைச்சல் முடியவில்லை. அசல் வவுச்சருடன் சென்னைக் கிளைக்கு நேரில் வந்தால்தான் கோரிக்கையைப் பரிசீலிக்க முடியும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்தே சொன்னார்கள். இரவு மலைக்கோட்டை விரைவு ரயிலில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, கிளை திறக்கும்வரை படிக்கட்டிலேயே நின்றேன். உள்ளே இருந்த பெண் என் வவுச்சரைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "இங்க புக்கிங் மட்டும்தான்மா, கம்ப்ளைண்ட் எல்லாம் ஆன்லைன்ல" என்றார். கிளைக்கு வரச் சொன்னதே நீங்கள்தான் என்றேன். யார் சொன்னது, பெயர் சொல்லுங்கள் என்றார். உங்கள் ஊழியர்கள் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லையே! அந்தப் பெண்ணாவது உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மணலில் பெயர் தேடிய அந்த இளைஞருக்கு அந்த அளவு பண்புகூட இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான்காம் நாள் தனோட் மாதா கோயிலும், 1971 டிசம்பரில் போர் நடந்த லோங்கேவாலாவும் திட்டத்தில் இருந்தன. முன்னாள் ராணுவத்தினரான என் கணவர் மணற்குன்றைவிட இவற்றைத்தான் எதிர்பார்த்திருந்தார். அன்று காலை, எல்லைப் பகுதிக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்லி அதையும் ரத்து செய்தீர்கள். இந்தியக் குடிமக்கள் தனோட் வரை செல்லத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. அதைத் தாண்டி எல்லைத் தூண் வரை போவதற்குத்தான் எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். நாள்தோறும் அந்த வழியில் ஆட்களை அழைத்துச் செல்லும் தங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? அந்தப் பகலை ஜெய்சல்மேரில் ஒரு போர்வைக் கடை வாசலில் கழித்தோம். அது யாருடைய கடை, அங்கே எங்களை இறக்கிவிட்டதில் யாருக்கு என்ன லாபம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

தங்கள் மின்னஞ்சல்களில் திரும்பத் திரும்பக் காட்டும் விதி, தவிர்க்க முடியாத சூழலில் அதே தரத்திலான வேறு தங்குமிடம் தரலாம் என்பது. அப்படி என்ன தவிர்க்க முடியாத சூழல் அன்று நிலவியது? புயலா, வெள்ளமா? எங்கள் கண்ணெதிரே முகாமின் வரவேற்பு மேசையில், முன்பதிவு ஏதுமின்றி வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்தை 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மணற்குன்று இரவுக்கென்று மட்டும் தாங்கள் எங்களிடம் தனியாக வசூலித்தது 18,000 ரூபாய். ரசீதில் தனி இனமாகவே உள்ளது.

திரும்பி வந்ததும் என் தாயாருக்கு மூச்சிரைப்பு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இனி இந்த வயதில் அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. அவருடைய ஆயுளில் சில ஆண்டுகளையே அந்த ஓர் இரவு எடுத்துக்கொண்டுவிட்டது என்றுதான் சொல்வேன். இதற்கு ஈடாகத் தாங்கள் அனுப்பியது, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 1,500 ரூபாய் கூப்பன், அதுவும் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரிந்த பிறகும் பிடுங்க வருகிறீர்கள்.

தங்கள் நிறுவனத்தில் நேர்மையானவர்களும் இருப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறேன். எனவே, மூவருக்குமாகச் செலுத்திய 84,600 ரூபாயை முழுமையாகவும், ஜோத்பூர் வரையிலான போக்குவரத்துச் செலவையும், மருத்துவச் செலவையும் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இரவு என்னிடம் பேசிய இளைஞர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் உடன்பட மாட்டேன். பணத்தைத் தவணையாகத் தந்தாலும் ஏற்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதையும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு ஆணையத்தில் கட்டணமே இல்லை என்பதையும், இரண்டு ஆண்டு காலக்கெடுவில் பெரும்பகுதி இன்னும் மீதமிருக்கிறது என்பதையும் தங்கள் சட்டப் பிரிவு தங்களுக்குச் சொல்லும். இந்த முறை திருச்சிக்கு ரயில் ஏற வேண்டியவர்கள் தாங்கள்தான்.

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பதே என் விருப்பம். பதிலை எழுத்தில் மட்டும், மேலே கண்ட முகவரிக்கு, பொறுப்பு அதிகாரியின் பெயரும் கையொப்பமும் இட்டு அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்பதிவு செய்தவர்.

இணைப்பு: வவுச்சர், ரசீது, கையேட்டின் மூன்றாம் நாள் பக்கம், ஊக்கு குத்திய கூடாரத்தின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள். அசல்கள் என்னிடமே இருக்கும்.