அப்பா, பத்துப் பிளை ஏன் போடவில்லை என்றால்

நார்த்தம், மேற்கு ஆஸ்திரேலியா
ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டி வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். வலி குறைந்ததும் நிறுத்திவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு போனில், டயர் மாற்றிவிட்டேன் என்று சொன்னதும், "எத்தனை பிளை கண்ணு?" என்று டயரின் பலத்தைச் சொல்லும் அடுக்குக் கணக்கைக் கேட்டீர்கள். பத்துப் பிளை போடவில்லை, லேசான டயர்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அது நடுக்காட்டுல நிக்க வெக்கிற டயராச்சே" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டிய உங்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ரோடு. பெர்த்திலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டரில் நார்த்தம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஊருக்குள் இருக்கிறது. வாடகை குறைவு என்று நான் பிடித்த வீடு, ஊர் தாண்டி ஒரு கோதுமைப் பண்ணையின் ஓரத்தில். தார் ரோடு முடிந்த பிறகு 11 கிலோமீட்டர் சரளைதான். கொண்டைக்கடலை அளவுக்கு உருண்டை உருண்டையாகச் செம்பழுப்புக் கல். கெட்டித் தரைமேல் பேரிங் குண்டைக் கொட்டிப் பரப்பினால் எப்படி இருக்கும், அப்படி. வண்டிகள் ஓடி ஓடி நடுநடுவே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாதிரி அலை விழுந்திருக்கும். இப்போது ரோட்டின் இரண்டு பக்கமும் கனோலா பூத்து, கண் கூசும் மஞ்சள். கடுகுச் செடிக்கு அது சொந்தம்.

வண்டி உங்களுக்குத் தெரியும். ஐந்து கதவு சுஸுகி ஜிம்னி, குர்கானில் செய்து கப்பலேறி வந்தது. சின்ன வண்டி என்றாலும் அடியில் லாரி போலத் தனிச் சேஸிஸ், முன்னும் பின்னும் கட்டை ஆக்ஸில் என்று போட்டோ பார்த்து நீங்களே மெச்சினீர்கள். கம்பெனியிலிருந்து வந்தது 195/80 ஆர் 15 டயர். அதன் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்ப் பகுதி, தார் ரோட்டுக்கானது. மழை பெய்த தாருக்கு அது நல்ல டயர்தான். சரளையில் மட்டும் அதற்குப் பிடிமானம் இல்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, நைட் ட்யூட்டி முடிந்து வருகிறேன். வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவு. அறுபதில்கூடப் போகவில்லை. பின்பக்கம் அப்படியே வழுக்கி வெளியே போனது. பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கைப் போகிற பக்கமே கொடுத்தேன், நீங்கள் காலி மைதானத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். வண்டி நேராகிவிட்டது, ஆனால் ஓரத்துக் கல்லில் பின் டயர் உரசியது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில், அதாவது சைடு வாலில், விரல் நீளத்துக்கு வெட்டு. காற்று இறங்கும் சத்தம் தவிர வேறு சத்தமே கிடையாது. மூன்று டிகிரி குளிர், சுற்றிலும் பனி. ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகைத் துண்டு வண்டியில் இருந்தது. அதில்லாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று நீங்கள் பழக்கியது. நட்டை ஜாக்கி தூக்கும் முன்னாலேயே தளர்த்தினேன். இருபது நிமிஷத்தில் ஸ்டெப்னி மாட்டிவிட்டேன். அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்னது கிட்டத்தட்ட நீங்கள் சொல்லக்கூடியதுதான்: 235/75, லைட் டிரக் வகை, பத்துப் பிளை. ஜிம்னி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். வார்டில் என்னோடு வேலை செய்பவர் ஒருவரும் இரும்பு வீலில் அதையே போட்டிருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவர் வண்டியை வாங்கிக்கொண்டு பெர்த் போய் வந்தேன். திரும்பும் வழியில் கிரீன்மவுண்ட் மேடு வரும். நம் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள், லாரிக்காரர்கள் இறங்கும்போது கியரைக் குறைக்கச் சொல்லிப் போர்டு போர்டாக வைத்திருப்பார்கள். என் வண்டி நாலாவது கியரில் ஏறும் இடத்தில் அந்த வண்டி மூன்றாவது கேட்டது. ஒன்றரை லிட்டர் இன்ஜின், அதுவும் எவ்வளவுதான் இழுக்கும்.

வீட்டுக்கு வந்து அவருடைய ஸ்டெப்னியைக் கழற்றி, குளியலறைத் தராசை வாசலில் வைத்து நிறுத்தேன். 28 கிலோ. என்னுடையது 19. ஒரு சக்கரத்துக்கு ஒன்பது கிலோ, ஸ்டெப்னியோடு ஐந்துக்கு 45 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவு, இதெல்லாம் ஒரு எடையா என்பீர்கள். மூட்டையை வண்டிக்குள் வைத்தால் ஒன்றுமில்லைதான். டயர் பட்டனில் இருக்கும் ஒரு கிலோ, வண்டியைக் கிளப்பும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். அதை முன்னால் கொண்டுபோகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் அதே கணக்கு. போதாக்குறைக்கு அந்த டயர் 40 மில்லிமீட்டர் உயரம் அதிகம். எல்லா கியரும் ஆறு சதவீதம் நீண்டுபோன மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் என் மனதை மாற்றியது மேடு இல்லை, அந்த அலை விழுந்த ரோடு. சேலத்தில் லோடு இறக்கிவிட்டு நாமக்கல்லுக்குக் காலியாக வரும்போது லாரி எப்படித் தூக்கித் தூக்கிப் போடும்! நான் கேபினில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "லோடு இருந்தாத்தான் கண்ணு டயர் ரோட்ட மிதிக்கும்" என்றீர்கள். பத்துப் பிளை டயர், லாரி டயர் மாதிரியே, சுமையை எதிர்பார்த்துச் செய்தது. சைடு வால் விறைப்பு. என் வண்டி 1,200 கிலோ. நாலு பேர் ஏறிச் சாமான் ஏற்றினாலும் 1,600ஐத் தாண்டாது. அந்த டயரில் என் வண்டி எப்போதும் காலி லாரிதான். ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடினால், ஒரு அலையில் எகிறிய சக்கரம் கீழே வந்து மிதிப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும். சக்கரம் தரையில் இல்லாத நேரம் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. அந்தச் சனிக்கிழமை என் வீட்டு வளைவில் இதைக் கையிலேயே உணர்ந்தேன்.

சுமை தாங்குமா என்று கேட்பீர்கள். நான் வாங்கியது 215/75 ஆர் 15, தார், சரளை இரண்டுக்கும் ஆன ஆல் டெரெய்ன் பட்டன், சாதாரணக் கார் வகைக் கட்டு. சைடு வாலில் 100 என்ற எண் இருக்கிறது. 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ. நாலுக்கும் சேர்த்து 3,200. என் வண்டியை இரண்டாக அடுக்கினாலும் தாங்கும். கம்பெனி டயர் 96, அதாவது 710 கிலோ. ஆக, லேசான டயர் என்றாலும் முன்பைவிடச் சுமை கூடத்தான் தாங்குகிறது. உயரமும் 10 மில்லிமீட்டர்தான் அதிகம், எங்கேயும் உரசவில்லை.

வீலுக்குத்தான் அதிக நாள் யோசித்தேன். இரும்பு வீல் நெளிந்தால் சுத்தியலால் தட்டி எடுக்கலாம், அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்கள் சொல்வது சரி. பாறையில் ஏறி இறங்குபவர்களுக்கு நானும் இரும்புதான் சொல்வேன். என் பாதையில் பாறை கிடையாது. அலாயில் ஒரு வகை இருக்கிறது: முதலில் வார்த்துவிட்டு, சூடாக்கிச் சுழலவிட்டு, உருளையால் அழுத்தி ரிம்மை நீட்டுகிறார்கள். சப்பாத்தி மாவை உருட்டுகிற மாதிரி மெலிசாகும், ஆனால் அழுத்த அழுத்த உலோகம் இறுகிவிடும். வெறுமனே வார்த்த வீலைவிட லேசு, பலமும் அதிகம். அதில் ஆறு அங்குல அகலம் எடுத்தேன். டயரோடு நிறுத்தால் 19 கிலோ சொச்சம். பழைய எடையேதான், ஆனால் பட்டன் புதிது.

இதில் ஒரு விஷயம் கவனித்தேன். இங்கே நிறையப் பேர் பார்வைக்காகச் சக்கரத்தை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வாங்குகிறார்கள். வீல் பேரிங்தான் பாவம். சக்கரம் எவ்வளவு உள்ளே வெளியே நிற்கும் என்ற அளவு, அதாவது ஆஃப்செட், கம்பெனியில் பிளஸ் 5. அதை ஒட்டியே நான் வாங்கினேன். ஐந்து நட்டு, 139.7 மில்லிமீட்டர் வட்டம். வீலின் உள்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற தர முத்திரையும் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். டயரில் வாரமும் வருஷமும் சொல்லும் நாலு எண்ணையும் ஐந்திலும் படித்தேன். எல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு. மாட்டிவிட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்கினேன். இரண்டு நட்டு கால் திருப்பு எடுத்தது.

ஐந்து டயர், ஐந்து வீல் சேர்த்து இரண்டு வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கைக்கடன் எதுவும் வாங்கவில்லை.

காற்று விஷயத்தில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் 100 பவுண்டு அடித்து ஓட்டியவர். என் வண்டிக்குத் தாரில் 26 பவுண்டுதான். சரளை தொடங்கும் இடத்தில் இறங்கி 20க்குக் குறைக்கிறேன். டயர் கல்லை எதிர்த்து நிற்காமல் அதன்மேல் படிந்து போகிறது, அலையும் பாதியாகத் தெரிகிறது. வேகத்தையும் குறைத்துக்கொள்கிறேன். போன மாதம் தோழிகளோடு லான்சலின் மணல் மேட்டுக்குப் போனோம். அங்கே 14 பவுண்டு. குனிந்து பார்த்தால் டயர் வயிறு லேசாகப் பிதுங்கி, மணலில் நீளமாகத் தடம் விட்டிருந்தது, ஒட்டகத்தின் பாதம் மாதிரி. எங்களுக்குப் பின்னால் வந்த பெரிய வண்டி ஒன்று புதைந்து நின்றது. நாங்கள் அதன் பக்கத்திலேயே ஏறிப் போய், நின்று, மண்வெட்டியோடு திரும்பி வந்தோம். விறைப்பான டயராக இருந்தால் இந்த எடைக்கு அது மடங்கியே இருக்காது. திரும்பும்போது பேட்டரியில் மாட்டும் சின்னக் கம்ப்ரஸரால் நாலுக்கும் காற்று அடித்துக்கொண்டேன்.

உங்கள் பயம் பொய்யில்லை அப்பா. கூரான கல் சைடு வாலில் குத்தினால் பத்துப் பிளை தப்பிக்கும், என்னுடையது தப்பிக்காமல் போகலாம். சைடு வாலுக்குப் பஞ்சரும் போட முடியாது. அதனால்தான் ஸ்டெப்னியும் அதே டயர், அதே வீல். அது பின்கதவில் தொங்குகிறது. 28 கிலோ தொங்கினால் இந்தச் சரளையில் கீல் எத்தனை நாள் தாங்கும் என்றும் யோசித்தேன். இதற்கு மேல் தொலைவாக, ஆள் இல்லாத வடக்குப் பக்கம் போவதென்றால் இந்த டயரில் போக மாட்டேன். அதுவரை தினம் 22 கிலோமீட்டர் சரளைக்கு இதுதான் சரி என்று நம்புகிறேன். அந்த வளைவில் இப்போது பின்பக்கம் அசைவதில்லை.

நவம்பரில் கோதுமை அறுப்பு. தானிய லாரிகள் ராத்திரி பகலாக ஓடும். ஒரு இன்ஜினுக்குப் பின்னால் இரண்டு மூன்று டிரெய்லர். வடக்கே 53.5 மீட்டர் நீளத்திலும் ஓடுகிறது. போன வாரம் பெட்ரோல் பங்க்கில் ஒரு டிரைவர் இறங்கி, கையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். வயசும் உங்கள் வயசுதான் இருக்கும். அவர் கடைசி டயரைத் தட்டி முடிக்கும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசா படிவத்தைத் தம்பிக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். அவன் நிரப்பித் தருவான், கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அறுப்பு முடிவதற்குள் வந்துவிட்டால் அந்தப் பங்க்குக்கு அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்