இராமநாதபுரம் கடலோர வீடுகளும் உள்ளலங்காரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு, மனை இணைப்பில் வெளிவரும் உள்ளலங்காரக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஃபால்ஸ் சீலிங், சுவர் முழுக்க அலமாரி, தரை வரை தொங்கும் கனத்த திரைச்சீலை, இழுத்து மூடும் கண்ணாடிச் சன்னல் என அவை பரிந்துரைப்பவை பெரும்பாலும் குளிர்சாதனம் இடைவிடாமல் ஓடும் அடுக்குமாடி வீட்டுக்கு உரியவை. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் எங்கள் கரையிலும் புதுவீடுகள் அதே அச்சில் எழும்புவதால், இங்குள்ள தட்பவெப்பத்தை முன்வைத்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே நம்மை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கமே. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலைத் தொட்டுச் செல்லும் காற்று ஒன்றுதான் அதை உலர்த்தும். உள்நாட்டின் வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும் ஏர்கூலர் இங்கே ஈரத்தின்மேல் ஈரத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் இதுவே. ஆகவே, கடலோர வீட்டின் உள்ளே எதை வைப்பதானாலும், அது காற்றின் வழியை மறிக்கிறதா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிறமும் மெருகும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மத்திய மின் அமைச்சகத்தின்கீழ் உள்ள எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு இந்த வேறுபாட்டை எண்ணிலேயே காட்டுகிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதியில் வீட்டின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு அளவுக்குத் திறக்கக்கூடிய சன்னல், வெண்டிலேட்டர், வெளிக்கதவு இருந்தால் போதும் என்று சொல்லும் அத்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிக்கு 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு இக்கணக்கின்படி 20 சதுர அடி திறப்பு தேவை. நான்கடிக்கு ஐந்தடி அளவில் இழுத்து மூடும் அலுமினியச் சன்னலை வைத்துவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்தச் சன்னலில் ஒரு பாதிக்கு மேல் எப்போதும் திறக்காது என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இரு பக்கமும் முழுதாகத் திறக்கும் பழைய மரக்கதவுச் சன்னலோ, மழையைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சாய்பலகைச் சன்னலோ இந்த இடத்தில் எவ்வளவோ மேல்.

திறப்பு இருந்தால் மட்டும் போதாது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் முக்கியம். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றும், ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடையும் வீசுவது இக்கரையில் எல்லாரும் அறிந்தது. அதற்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் நாம் நம்பியிருப்பது பகலில் கடலிலிருந்து வரும் காற்றை. ஆனால் பாக் நீரிணைப் பக்கமுள்ள தேவிபட்டினத்துக்குக் கடல் கிழக்கே. மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் தெற்கே. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஓர் ஊரின் வரைபடம் மற்றோர் ஊருக்குப் பொருந்தாது எனும்போது, பெருநகரத்தில் வரைந்த படம் எப்படிப் பொருந்தும்?

வெயிலின் திசையிலும் இதே குழப்பம் உண்டு. வடக்குச் சன்னலுக்கு வெயில் வராது, எனவே மறைப்பு வேண்டாம் என்று பலரும் எழுதுகிறார்கள். டெல்லியில் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே சாயாது என்பதால் அங்கே அது ஓரளவு சரி. இராமேசுவரம் ஏறத்தாழ 9.3 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சந்தலைக்கு நேராக நிற்கும் சூரியன் அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். கோடை முழுவதும் வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மேற்குச் சுவரின் உட்புறத்தில் துணி அலமாரியை வைத்தால் மாலை வெயிலின் சூடு அறைக்குள் இறங்குவது குறையும். ஆனால் சுவரோடு ஒட்டிவிடாமல் சிறிது இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும்.

மேற்கூரை தனிக்கவலை. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் தளம் இரவில் அச்சூட்டை நம்மீதே இறக்குகிறது. தளத்தின் மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ பதித்து வெயிலைத் திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டு, கீழே ஜிப்சம் பலகை மாட்டி அறையின் உயரத்தைக் குறைத்து, மின்விசிறியைக் கூரையோடு ஒட்டவைப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. ஈரம் குடித்த ஜிப்சத்தில் கறை படிவதையும் இங்கே சில ஆண்டுகளிலேயே பார்க்கலாம்.

பொருள்களின் கதையும் அப்படித்தான். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பும். சாதாரண இரும்புக் கீல் உப்புக்காற்றில் துருவேறும். பலகை வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டும், கீல்களுக்குக் கடலுக்கு மிக அருகிலுள்ள வீடுகளில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகும் கேட்டு வாங்க வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்களுக்குக் கடப்பாக்கல் தட்டு இருக்கவே இருக்கிறது. அது உப்பாது, துருவாது. கனத்த பஞ்சுமெத்தைச் சோபாவைவிடப் பனைநார்க் கட்டிலும் பிரம்பு நாற்காலியும் முதுகுக்குக் காற்று விடுபவை. பனைக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பழமை என்பதற்காக எல்லாவற்றுக்கும் திரும்பிவிடவும் முடியாது. ஒருகாலத்தில் இக்கரையில் பவளக்கல்லால் சுவர் எழுப்பினார்கள். இன்று பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

சன்னலைத் திறந்தால் மணலும் கொசுவும் வருகின்றனவே என்பார்கள். நியாயமான பேச்சு. கொசுவலை காற்றின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் சன்னலைச் சற்றுப் பெரிதாக வைத்து, கழற்றி நன்னீரில் கழுவக்கூடிய வலையைப் பொருத்துவதே வழி. குளிர்சாதனம் வேண்டாம் என்பதும் என் வாதமன்று. ஓர் அறையை அதற்கென இறுக்கமாக அமைத்து 24 பாகையில் ஓடவிட்டு, மற்ற அறைகளைக் காற்றுக்கு விடலாம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் வீடு கட்டுபவர்களுக்கு இத்தகைய செலவுத் தேர்வுகள் கிடையாது. அவர்களுக்குச் சன்னலின் இடமும் அளவுமே எல்லாம். பணி ஆணையோடு, அவ்வூரின் காற்றுத் திசை, திறப்பின் அளவு, தளத்துக்கு வெள்ளைப்பூச்சு ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பை ஊரக வளர்ச்சித் துறை கடலோர ஒன்றியங்களில் வழங்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது. தங்கள் இணைப்பிலும் கடலோர வீடுகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்றைத் தொடங்கி, பாக் நீரிணைக் கரைக்கும் மன்னார் வளைகுடாக் கரைக்கும் தனித்தனி வரைபடங்களை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்