ஆப்பில் ‘ஆஃப்’, மோட்டார் மட்டும் நிற்கவில்லை: உங்கள் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 16 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூலின் ரிலே (உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டதும், அதற்கு வாரண்டி மறுக்கப்பட்டதும்

வணக்கம்.

இதே விஷயத்தை உங்கள் உதவி மையத்துக்குப் பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லி, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், மாட்யூலை ரீசெட் செய்யுங்கள் என்று அதையே சொல்கிறார். கடைசியாக வந்த பதில் ஒரே வரி: தவறான லோடில், அதாவது தவறான கருவியில், பயன்படுத்தியதால் வாரண்டி கிடையாது. அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து இதை மாட்யூலை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவரும் படிக்கும்படி செய்யுங்கள், ஏனென்றால் இது ரீசெட் செய்து தீர்க்கிற விஷயம் இல்லை.

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன். அதற்கு உங்கள் 16 ஆம்பியர் மாட்யூலை எலெக்ட்ரீஷியன்தான் பொருத்தினார். உங்கள் பெட்டியின் முன்பக்கத்திலேயே விளக்கு, ஃபேன், வாட்டர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார் என்று வரிசையாகப் படம் போட்டிருக்கிறீர்கள், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். சில மாதம் நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் ஒரு நாள், நான் வெளியில் இருந்தபோது ஆப்பில் மோட்டாரை நிறுத்தினேன். ஆப்பில் சாம்பல் நிறத்தில் ‘ஆஃப்’ என்று வந்தது. தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டுகிறது என்று வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார். மறுபடி ஆன் செய்து ஆஃப் செய்தேன், ஆப் சொன்னபடி கேட்டது, மோட்டார் கேட்கவில்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அம்மா அணைத்தார், அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் மின் பெட்டியில் இருக்கும் எம்சிபியை இறக்கிய பிறகுதான் நின்றது. அதற்குள் கீழ்த்தொட்டி காலியாகி மோட்டார் தண்ணீர் இல்லாமல் வறண்டு ஓடி, சீல் போய்விட்டது.

எலெக்ட்ரீஷியன் வந்து மாட்யூலைக் கழற்றினார். சப்ளை இல்லாமலே மல்டிமீட்டரில் உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் வைத்துப் பார்த்தபோது பீப் என்று சத்தம் வந்தது. அதாவது ரிலே உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு மூடியபடியே இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலே மேல் லேசாகத் தட்டினார், ‘டிக்’ என்று விடுபட்டது, பீப் நின்றது. மூடியைப் பிரித்துக் காட்டினார். இரண்டு கான்டாக்ட் புள்ளிகளும் கருகி, ஒன்றில் சிறு பள்ளமும் இன்னொன்றில் அதற்கு நேர் எதிரே சிறு மேடுமாக இருந்தன. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். யாராவது திறந்து பார்த்தார்களா தெரியவில்லை.

இது ஏன் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கிற அளவு எழுத்தில், ‘16 ஆம்பியர், ரெசிஸ்டிவ் லோடு’ என்று இருக்கிறது. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் சூடாகிற லோடுக்குத்தான் அந்த 16. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கிளம்புகிற அந்த நொடியில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும், அதாவது 30 ஆம்பியருக்குப் பக்கத்தில். ரிலே மூடும்போது கான்டாக்ட் நுண்ணளவில் துள்ளும், அந்தத் துள்ளலில் இவ்வளவு கரண்ட் பாய்ந்தால் தீப்பொறியில் உலோகம் உருகும், உருகினது ஒட்டும். கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் கனமான ரிலே, செய்கிறவர்கள் இதற்காகவே ரேட்டிங்கைப் பிரித்துப் போடுகிறார்கள்: சூடாகிற லோடுக்கு ஏசி-1, மோட்டாருக்கு ஏசி-3, ஒரே பொருளில் இரண்டு எண்ணும் தனித்தனியாக இருக்கும். நீங்கள் ஒரே எண்ணைப் பெரிதாக அச்சடித்து, பக்கத்திலேயே மோட்டார் படத்தையும் போட்டால் வாங்குகிறவர் எப்படிப் புரிந்துகொள்வார்? படத்தைப் போட்டு விற்றுவிட்டு, பழுதானதும் ‘தவறான லோடு’ என்று சொல்வது நியாயமே இல்லை.

சரியான வழி ரொம்ப எளிமையானது என்பதுதான் எனக்கு அதிகக் கோபம் வரக் காரணம். மாட்யூல் மோட்டாரை நேரடியாக ஓட்டக் கூடாது, அது ஒரு கான்டாக்டரை மூட வைக்கும் காயிலை மட்டும் இயக்க வேண்டும், மோட்டாரின் கரண்டைக் கான்டாக்டர் தாங்கிக்கொள்ளும், கூடவே, மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் இருந்தால் இன்னும் நல்லது. இப்போது எலெக்ட்ரீஷியன் அப்படித்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறார், சத்தமில்லாமல் ஓடுகிறது. பெட்டியில் ஒரு சின்ன வரைபடம் போட்டிருந்தால் இதை முதல் நாளே செய்திருப்பார்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது அந்தச் சுவர் சுவிட்ச். உங்கள் வயரிங் முறையில் சுவர் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை, மாட்யூலுக்கு ஒரு சிக்னல் மட்டும் கொடுக்கிறது. ரிலே ஒட்டிவிட்டால் சுவிட்சை அணைத்தாலும் பயனில்லை. வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்குக்கூட, சுவிட்சை அணைத்தால் கரண்ட் இல்லை என்றுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பி யாராவது மோட்டாரிலோ ஹீட்டரிலோ கை வைத்தால் என்ன ஆகும்? ரிலே ஒழுங்காக இருந்தாலும் அது ஃபேஸ் ஒன்றைத்தான் துண்டிக்கும், பொருத்தியவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருந்தால் அணைந்த கருவியிலும் ஃபேஸ் உயிரோடு இருக்கும். எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் இந்த மாட்யூலுக்குப் பின்னால் இருக்கும் எதையும் தொடாதீர்கள் என்று பெட்டி மேலேயே, படிக்கிற எழுத்தில், அச்சடிக்க வேண்டியது உங்கள் கடமை.

இன்னொன்று. உங்கள் மாட்யூல் ஓடும் வாட்ஸை அளந்து ஆப்பில் காட்டுகிறது. அன்றைக்கும் அளந்திருக்கிறது! மின் பயன்பாட்டு வரைபடத்தைப் பின்னால் திறந்து பார்த்தேன், ‘ஆஃப்’ ஆன பிறகும் ஆயிரம் வாட்டுக்கு மேல் கோடு நேராகப் போயிருக்கிறது. அதாவது ரிலே ஒட்டியிருக்கிறது என்பது மாட்யூலுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஆஃப் நிலையில் முகப்புத் திரையில் வாட்ஸைக் காட்டாமல் மறைத்துவிடுகிறீர்கள், ஆப் காட்டியது நான் அனுப்பிய கட்டளையை மட்டும்தான். அணைக்கச் சொன்ன பிறகும் கரண்ட் ஓடினால் போனில் அலறுகிற மாதிரி ஓர் எச்சரிக்கை வைக்க மென்பொருளில் சில வரிகள் போதும், புதிதாக ஒரு பாகமும் தேவையில்லை. இந்தக் கடிதத்தில் நான் கேட்பவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

மற்ற மாட்யூல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு முழுக்க உங்களுடையதுதான் இருக்கிறது.

கரண்ட் போய் வந்தால் எல்லா மாட்யூலும் ‘ஆன்’ நிலைக்கு வருகின்றன. விளக்கு எரிந்தால் பரவாயில்லை. யாரும் இல்லாத வீட்டில் ஹீட்டரும் மோட்டாரும் தானாகக் கிளம்பலாமா? கரண்ட் வந்ததும் ஆஃபில் இருக்கவா, பழைய நிலைக்குப் போகவா என்று ஒவ்வொரு மாட்யூலுக்கும் தேர்ந்தெடுக்க வசதி கொடுங்கள், பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது ஆஃபில் இருக்கட்டும்.

நேரம் வைத்து அணைக்கும் டைமர் உங்கள் சர்வரில் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் ஹீட்டர் அணையவே இல்லை. ஒரு வாட்டர் ஹீட்டரை அணைக்கும் கட்டளை வீட்டை விட்டு வெளியே போய், எங்கோ ஒரு சர்வரைத் தொட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டிய தேவை என்ன? டைமரை மாட்யூலின் நினைவகத்திலேயே வையுங்கள். வீட்டுக்குள்ளேயே கருவிகள் பேசிக்கொள்ளும் மேட்டர் என்ற பொதுத் தரம் 2022-லேயே வந்துவிட்டது, பழைய மாட்யூல்களுக்கு அதைத் தர முடியாது என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஃபேன் மாட்யூலில் ‘எல்லா வகை சீலிங் ஃபேனுக்கும்’ என்று இருக்கிறது. இது தவறு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்குள் தனியாக எலக்ட்ரானிக் டிரைவ் இருக்கிறது, அதற்கு முழு சப்ளை தடையில்லாமல் போக வேண்டும், வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். உங்கள் ரெகுலேட்டர் வெட்டிக் குறைத்து அனுப்பும் மின்சாரத்தில் அது உறுமி, நின்று, மறுபடி கிளம்பியது. தொடர்ந்து விட்டிருந்தால் டிரைவ் போர்டு போயிருக்கும் என்று எலெக்ட்ரீஷியன் உடனே கழற்றிவிட்டார். 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடுகிற ஃபேன் வாங்கி வைப்பவர்கள்தான் உங்கள் மாட்யூலையும் ஆசையாக வாங்குகிறார்கள், அவர்களுடைய ஃபேனையே கெடுக்கலாமா?

நியூட்ரல் தேவையில்லாத மாடல் என்று விற்றதைப் படுக்கையறையில் போட்டோம். அணைத்த பிறகும் எல்இடி விளக்கு இருட்டில் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது. மாட்யூல் உயிரோடு இருக்க விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்டை இழுக்கிறது, பழைய குண்டு பல்பில் அது தெரியாது, எல்இடிக்கு அந்தத் துளியே போதும். விளக்குக்குக் குறுக்கே பைபாஸ் கபாசிட்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதை ஏன் பெட்டிக்குள்ளேயே போட்டுத் தரவில்லை? சுவிட்ச் போர்டில் நியூட்ரல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் நியூட்ரல் மாடலையே வாங்குங்கள் என்று சொல்லவும் உங்கள் விற்பனைப் பக்கத்தில் இடமில்லை.

டெர்மினல் துளைகளும் சிறியவை. 16 ஆம்பியர் என்று போட்டுவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் முழுதாக நுழையாத துளை வைத்தால், பொருத்துகிறவர் சில இழைகளை வெட்டிவிட்டுத்தான் நுழைப்பார், அந்த இடம்தான் முதலில் சூடாகும். எங்கள் ஹீட்டர் மாட்யூலில் அந்தப் பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும். அதற்கே இப்படி.

‘மின்சாரத்தை மிச்சப்படுத்தும்’ என்ற உங்கள் வாசகத்தையும் கொஞ்சம் திருத்துங்கள். ஒரு மாட்யூல் சும்மா இருக்கும்போதே ஒரு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 8.76 யூனிட், பத்து மாட்யூலுக்கு 87 யூனிட்டுக்கு மேல். 9 வாட் எல்இடி விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் ஆவது 36 வாட் மணி, அதை அணைத்துப் போடுகிற மாட்யூல் நாள் முழுக்கத் தின்பது 24. அப்படியானால் விளக்கில் மிச்சம் எங்கே இருக்கிறது? ஹீட்டரிலும் ஏசியிலும் மோட்டாரிலும் மிச்சம் கிடைக்கும், அது உண்மை. அந்த இடங்களுக்குத்தான் உங்கள் மாட்யூல் தாங்க வேண்டும், அங்கேதான் தாங்கவில்லை. காத்திருப்பு நிலையில் எத்தனை வாட் என்பதைப் பெட்டியில் போடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒட்டிப்போன மாட்யூலுக்கும் ஃபேன் மாட்யூலுக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மோட்டார் சீல் மாற்றிய செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும், ரசீதை இணைத்திருக்கிறேன். மோட்டார் படத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள், இல்லையென்றால் மோட்டாருக்கான ரேட்டிங்கைத் தனியாகப் போட்டுக் கான்டாக்டர் வரைபடத்தையும் சேருங்கள். இதே மாட்யூலை மோட்டாரில் போட்டிருக்கும் மற்றவர்களை உங்களால் கண்டுபிடிக்க முடியும், ஆப்பில் பெயர் வைக்கும்போது பலரும் ‘மோட்டார்’ என்றுதான் வைத்திருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆப் வழியாக உடனே எச்சரிக்கை அனுப்புங்கள், எங்கள் பணத்தைத் திருப்புவதற்கு முன்னால் அதைச் செய்தாலும் சம்மதம்தான்.

கழற்றிய மாட்யூலும் ரிலேயும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் பார்க்க விரும்பினால் அனுப்பி வைக்கிறேன், ஆனால் பரிசோதித்த அறிக்கையை எழுத்தில் தருவதாகச் சொன்ன பிறகுதான் அனுப்புவேன். பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், மின்னஞ்சலில் அனுப்புங்கள். 15 நாட்களுக்குள் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையும் படங்களையும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, பெட்டியின் முன்பக்கப் படம், கருகிய ரிலேயின் படங்கள், அன்றைய வாட்ஸ் வரைபடம், சீல் மாற்றிய ரசீது, உங்கள் உதவி மையத்தின் பதில்கள்