புளியங்கொட்டை போக்கர்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ஒல்லி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் கட்டியது என்ன கரை என்றுகூடச் சொல்கிறாள். சின்னவன் நெய்வேலிக்கு வேலைக்குப் போய் வருகிறான். வேறு விசேஷமில்லை. யாருமே விலகாத சீட்டாட்டத்தில் எப்படி ஆடுகிறாய் என்று கேட்டிருந்தாயே, அந்தக் கதைக்கு வருகிறேன்.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் மச்சான் செல்போனைக் கீழே வைத்தான். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் மொட்டை மாடியில் ஆறு பேர், புளியங்கொட்டை வைத்து போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; இவற்றில் நல்ல கை சேர்ந்தவனுக்குக் குவியல். ஆளுக்கு 200 கொட்டை. சீட்டைப் பார்க்குமுன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாகப் போடும் பிளைண்ட் 1, 2. முதலில் காலியாகிறவன் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும். கொட்டைதானே என்று ஒருத்தரும் சீட்டைக் கீழே போட்டு விலகுவதில்லை.

இதே ஆட்கள் ரம்மியில் படு கெட்டி. கை சரியில்லையா, 20 பாயிண்ட் போனால் போகட்டும் என்று முதலிலேயே ஸ்கூட், அதாவது விலகிவிடுவார்கள். போக்கரில் பிளைண்ட் போடும் முறை வராதபோது ஸ்கூட் அடித்தால் ஒரு கொட்டைகூடச் செலவில்லை. அங்கேதான் விடாமல் ஒட்டிக்கொள்கிறார்கள்!

முதல் வாரம் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வருவது. வழக்கம்போல 6 கொட்டை ஏற்றினேன். ஐந்து பேரும் கால், அதாவது அதே அளவு போட்டு உள்ளே வந்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற அண்ணன் கையில் என்ன தெரியுமா? இஸ்பேட் ஒன்பது, டைமன் ஏழு. "நம்ம வண்டி நம்பர் தம்பி, எப்படிப் போடறது?" என்றார். ஃபிளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில், 9, 7, 2. அவருக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஒன்றுதான். கடைசிவரை எனக்கு எதுவும் கூடவில்லை. பஜ்ஜி வாங்கப் படியிறங்கியவன் நான்தான்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். என்ன சீட்டானாலும் ஆடுகிற ஒரே ஆளை எதிர்த்தால் இரண்டு ஏஸ் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். அப்படி ஐந்து பேர் கடைசிவரை நின்றால் ஏறக்குறைய 49தான். அண்ணன் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அவ்வளவு மலிவாக உள்ளே விட்டது நான்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் சும்மா 2 கொட்டை போட்டு உட்கார்ந்திருந்தால், நல்ல கைக்கு 14, 16 என்று ஏற்றுகிறேன். அண்ணனுக்கு 6ம் ஒன்று, 16ம் ஒன்று, எப்படியும் வருவார். மற்றவர்கள் கொஞ்சம் கழன்றுகொள்வார்கள். ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி மாதிரிக் கைகளுக்கு இங்கே தனி மவுசு. இறுக்கி ஆடுகிறவன் கால் செய்தால் அவனிடம் ஏஸ்-ராஜா இருக்குமோ என்று பயப்பட வேண்டும். இவர்களோ ஏஸ்-ஆறோடு வருகிறார்கள். என்னிடம் ஏஸ்-ஜாக்கி இருந்து நடுவில் ஏஸ் விழுந்தால் இருவருக்கும் ஜோடி, ஆனால் கூட இருக்கும் சீட்டு ஜாக்கியைவிடச் சின்னதாக இருப்பதால் பெரும்பாலும் அவர் அடிபடுவார்.

வெறுங்கையோடு ஏற்றி மிரட்டுவதை அடியோடு விட்டேன். சீட்டைப் போடத் தெரியாதவரை எப்படி மிரட்டுவது? நாலு-நாலு, அஞ்சு-அஞ்சு மாதிரிச் சின்ன ஜோடி வந்தால் மலிவாக ஃபிளாப் பார்ப்பேன். எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான் அதே எண்ணில் மூன்றாவது விழும். விழுந்தால் அண்ணன் குவியலையே தள்ளிவிடுவார். ஆனால் இரண்டும் ஆட்டின் என்பதற்காகப் பத்து-மூன்றைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. ஃபிளாப்பிலேயே ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனமாக, அமைவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் போன மாதம் இரண்டு தடவை பஜ்ஜி என் செலவுதான். இவள் மட்டும் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் "கொட்டை வேணுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

பங்குனியில் புதுப் புளி உடைப்பார்கள், கொட்டைக்குப் பஞ்சமிருக்காது. அப்போது வா. வரும்போது பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கிவா. எங்கள் கட்டில் கிளாவர் ராணிக்கு பஜ்ஜி எண்ணெய்க் கறை, முதுகைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உன்,
குண்டு